நிமிராத தலைகள்

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில், ஜெய்னப் வீட்டு மொட்டைமாடியில் பக்கங்கள் திறந்த கொட்டகையை உரசுவதுபோல விமானங்கள் தாழ இறங்கும். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க அவளிடம் வரும் பிளஸ் டூ பிள்ளைகள் ஒவ்வொரு விமானத்துக்கும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதிலும் துர்கா விமானப் பைத்தியம். ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுபவள், கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு இன்ஜின்களை எண்ணுவாள்.

"பரீட்சை ஹால்லயும் இப்படியே வாயைப் பொளந்துகிட்டு உக்காரு. ஏரோப்ளேன் வந்து சீட் குடுக்கும்" என்று ஜெய்னப் திட்டாத நாளில்லை.

கடைசி மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, பெரிய விமானம் ஒன்று வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தண்ணீர்க் குடத்தின் மூடி கடகடத்தது. ஜெய்னப்பே தன்னை மறந்து அண்ணாந்துவிட்டாள்.

பார்வையைக் கீழே இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. விடைத்தாள் வட்டங்களைக் கறுப்பாக்கும் பென்சில்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. துர்காவின் இமைகூட உயரவில்லை. அத்தனை பெரிய சத்தம் அந்தச் சின்னக் கொட்டகைக்குள் நுழைய வழியில்லாமல் திரும்பிப் போனது போலிருந்தது. நேற்றுவரை தான் திட்டித் தீர்த்த பிள்ளைகள்தானா இவர்கள் என்று ஜெய்னப்புக்கு உடம்பு சிலிர்த்தது.

நேரம் முடிந்து தாளைக் கொடுக்கும்போது துர்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, அப்ப ஒண்ணு போச்சே. அதுக்கு எத்தினி இன்ஜின்னு பாத்தீங்களா?"

திட்டு விழப்போகிறது என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"நாலு" என்றாள் ஜெய்னப். "ரெண்டு தடவ எண்ணிட்டேன்."