சூரியன் வந்தால் வீடு உனக்கு

என் அண்ணன் பெலிக்ஸ் ஓவியன். இருபத்தாறு வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து குற்றால மலையை வரைந்து பேர் வாங்கியவன். பேட்டி கொடுத்தால் தவறாமல், "தென்காசி மண் என் ரத்தத்தில் ஓடுகிறது" என்பான். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ரத்தத்தில் மண் ஓடினால் ஆள் தங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கூடப் பிறந்தவன் பேசியதாயிற்றே என்று அந்தப் பேப்பர்களையெல்லாம் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

அந்த ரத்தம் இந்த ஆடியில் கொதித்துவிட்டது. எங்கள் அச்சன்புதூர் வீட்டை முழுக்கத் தன் பேருக்கு எழுதித் தர வேண்டுமாம். ஓவியக் கூடமாக்கப் போகிறானாம். அதற்கு 'வேர்' என்று பேர்கூட வைத்துவிட்டான். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்து, ஓடு மாற்றி, கரையான் விரட்டி, இருபது வருடமாக அங்கே குடியிருக்கும் நானும் என் வீட்டுக்காரர் ஞானதுரையும், இவன் வேர் ஊன்ற வசதியாகத் தென்காசியில் வாடகைக்குப் போக வேண்டும்.

பேசித் தீர்க்க ரத்தினம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், அவர் சொல்லை மீறி எங்கள் குடும்பத்தில் யாரும் போனதில்லை. பெலிக்ஸ் சாட்சிக்குக் கதவு அகலத்தில் ஒரு படத்தைக் கொண்டுவந்து முன்னறையில் சாய்த்து வைத்தான். 'என் ஜன்னலில் விடியல்' என்று பேர். இரண்டு மலை, நடுவில் தகதகவென்று சூரியன், கீழே வயல், சுவர்மேல் கூவுகிற சேவல், வாசல் தெளிக்கிற ஒரு பெண்.

"பெரியப்பா, சின்னப் பிள்ளைல தெனமும் விடியக்காலம் இந்த ஜன்னல்ல உக்காந்துதான் மலைக்குப் பின்னால சூரியன் உதிக்கதைப் பாப்பேன். இந்த வீடு இல்லேன்னா நான் இல்ல." சொல்லும்போதே அவன் குரல் தழுதழுத்தது. பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். என் வீட்டுக்காரரே 'உச்' கொட்டினார். யார் கட்சி என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். சாக்கை நனைத்து அதில் நான் தொங்கவிடாத சித்திரை கிடையாது. சாயங்காலம் நாலு மணி வெயில் அதன் வழியாக வந்து கட்டில் சட்டத்தைச் சுட வைத்துவிடும். மலை எங்களுக்கு மேற்கே அல்லவா இருக்கிறது!

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வரைகிற படம்தான் அது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. நானும் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். அதைக் காட்டி யாரிடமும் வீடு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நாளைக்குக் காலைல இந்த ஜன்னல்ல உக்காரு. மலைக்குப் பின்னால சூரியன் வந்தா வீடு உனக்கு. நானே கையெழுத்துப் போடுதேன். வரலேன்னா உன் பங்கை எனக்கு எழுதிக் குடுத்துரணும்."

"இதுல என்னட்டி சந்தேகம்" என்று சிரித்தான்.

பெரியப்பாவின் கையில் துண்டு அப்படியே நின்றது. ஜன்னலை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

மறுநாள் சாரல் ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. விடியலின் காதலனை மூன்று தடவை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஆறு மணி ஆயிற்று. "மேகம் மறைக்குது" என்றான். மலைமேல் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. ஆறரைக்கு, பின்பக்கம் அடுக்களை வாசல் வழியாக வந்த வெயில் அவன் பிடரியில் விழுந்தது. கையை வைத்துத் தடவிப் பார்த்தான். மெதுவாகத் திரும்பினான்.

"கலைக்குத் திசை கிடையாது பெரியப்பா."

"கலைக்கு இல்லாம இருக்கட்டும்லே. பத்திரத்துக்கு நாலு திசையும் உண்டு. பத்து மணிக்கு ஆபீஸ் தொறப்பான், கெளம்பு" என்றார் பெரியப்பா.

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். கிழக்கிலிருந்து வந்த வெளிச்சம் மலை முழுவதும் விழுந்திருந்தது. ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு பாறையும், நடுவில் நூலாக இறங்குகிற தண்ணீரும் தெரிந்தன. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏட்டி கிருபா, காலைல மலை இப்படியா இருக்கும்?"

அந்தக் குரலில் பேட்டி இல்லை. பாவி, இங்கே இருந்த பதினெட்டு வருடத்தில் ஒரு நாளாவது எழுந்து பார்த்திருக்கக் கூடாதா? ஒரு நிமிடம், பந்தயமாவது ஒன்றாவது, வீட்டை அவனுக்கே கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளையாக அவன் செல்போனை எடுத்தான். மலைக்கு முதுகைக் காட்டி நின்று தன் முகத்தை நாலு படம் எடுத்துக்கொண்டான்.

"ஒரு வாரம் இங்கன தங்கி இதை வரையப் போறேன்" என்றான். "நம்ம வீடுதான, யாருட்ட கேக்கணும்?"

"என்ட்ட கேக்கணும்ணே. தாராளமா இரு. வந்த விருந்தாளிய நாங்க போகச் சொல்லுதது இல்ல."