அப்பனைக் கூப்பிடுங்க

கணக்குப் பரீட்சை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும், வகுப்புக் கதவு தட்டப்பட்டது. யாரிட்சா தலை நிமிராமலே பல்லைக் கடித்தாள். பள்ளியின் குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் கிறிசெல்டா ஆன்ட்டிதான்.

“உன் பையன் அமாரோ அழறான்ம்மா. கொஞ்சம் வந்துட்டுப் போ.”

பிள்ளை பெற்ற மாணவிகள் படிப்பை விட்டுவிடக் கூடாதென்று, வால்பராய்சோ நகரத்து மேட்டிலிருந்த அந்தப் பள்ளியில் தொட்டிலும் பொம்மைகளுமாக ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழந்தை தும்மினாலும் துணியை நனைத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போன பருவம் வேதியியலில் கோட்டை விட்டதும் அதனால்தான்.

ஓடினாள். பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, அவன் கண் செருகியதும் திரும்பி ஓடிவந்தாள். விட்ட கணக்கைத் தொடர்வதற்குள் மறுபடியும் ஆன்ட்டி.

“பல்லு முளைக்குதுபோல. யாருகிட்டயும் இருக்க மாட்டேங்கறான்.”

யாரிட்சாவுக்கு உச்சந்தலைவரை சூடேறியது.

“ஆன்ட்டி, அவனுக்கு அப்பான்னு ஒருத்தன் இருக்கான். அதோ, ஜன்னலோரம் பேனாவைக் கடிச்சிட்டிருக்கான். அவனைக் கூப்பிடுங்க!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மைக்கோலின் காது சிவந்தது.

“எனக்குப் பரீட்சைடி!”

“எனக்கு மட்டும் என்ன, திருவிழாவா?”

“அம்மாவைத்தான் கூப்பிடணும்னு விதிம்மா” என்று ஆன்ட்டி கையைப் பிசைந்தாள்.

“விதி போட்டவங்களே வந்து தாலாட்டு பாடட்டும்.”

கணக்கு வாத்தியார் ஒயார்சுன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ கேக்கறதுல என்ன தப்பு? மைக்கோல், எழுந்திரு.”

அவன் போனான். நடைக்கூடம் தாண்டி அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. யாரிட்சாவின் சட்டையில் பால் கசிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. கடைசிக் கணக்குவரை போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

குழந்தைகள் அறையில் மைக்கோல் தரையில் உட்கார்ந்திருந்தான். அமாரோ அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“இவன் தினமும் இப்படித்தானா?”

“தினமும்தான்.”

முடிவு வந்தபோது அவள் தேறியிருந்தாள், அவன் தவறியிருந்தான். நேரே தலைமையாசிரியையிடம் போய்ச் சண்டை போட்டான். பரீட்சை நேரத்தில் பெற்றவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வருவார் என்று அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

யாரிட்சா அதைப் படித்தாள். வருடம் முழுக்க இதையேதான் அவள் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா, நான் கேட்டேன், நடந்துச்சு” என்றான் மைக்கோல் பெருமையாக.

“வாயை மூடு” என்று சொல்லிக் குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, வரலாற்று வகுப்புக்குப் போனாள்.