வாழைக்காய்க் கறை

ரதாமெஸின் வெள்ளைச் சட்டையில், வலது கைமடிப்புக்குப் பக்கத்தில், வாழைக்காய்க் கறை இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சட்டையைப் பிடித்துப் பார்த்தேன். இந்தப் பரஹோனாவில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள் நான். துணிக்கறை விஷயத்தில் என்னிடம் யாரும் கதைவிட முடியாது. வாழைக்காய்ப் பால் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. துவைத்துக் காய்ந்த பிறகுதான் பழுப்பாக எழுந்து வரும். அப்புறம் எலுமிச்சையைத் தேய்த்தாலும் சரி, குளோரினில் ஊறப்போட்டாலும் சரி, சட்டை நைந்து போகுமே தவிர கறை போகாது.

எங்கள் ஊரில் இந்தக் கறை இல்லாத வீடு ஏது? என் மேல்சட்டைகளில் பாதிக்கு இருக்கிறது. ஆனால் ரதாமெஸ் சட்டையில் எப்படி வந்தது? கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அந்த மகானுபாவன் ஒரு வாழைக்காயை உரித்து நான் பார்த்ததில்லை. காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவான். நான் காயை வேகவைத்து, மசித்து மங்கு பண்ணி, வினிகரில் வதக்கிய சிவப்பு வெங்காயத்தை மேலே பரப்பி, பொரித்த பாலாடைக்கட்டியும் முட்டையும் பக்கத்தில் வைத்துத் தட்டை முன்னால் நீட்டினால் சாப்பிடுவான். தட்டைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோய் வைப்பதையே பெரிய உபகாரமாக நினைக்கிற ஆள்.

பழுத்த பழத்தை உரித்தால் கறை வராது. பச்சைக் காயை, அதுவும் கத்தியால் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டு உரித்தால்தான் வரும். ஆக, என் புருஷன் எங்கேயோ, யாருடைய சமையலறையிலோ நின்று பச்சை வாழைக்காய் உரிக்கிறான். சட்டையை மடித்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே ஒரு கால்சட்டையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க அரை நாள் ஆனது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செவ்வாயும் சனியும் அவன் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறான், வயிறு மந்தம் என்கிறான். கட்டைவிரல் நகக்கண் கறுத்திருக்கிறது. வண்டி கிரீஸ் என்று நானே நினைத்துக்கொண்டேன். பக்கத்து ஊரான கப்ராலுக்கும் பரஹோனாவுக்கும் மினி பஸ் ஓட்டுகிறவன் கையில் கிரீஸ் இருப்பது அதிசயமா? எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து போன வாரம் நடந்தது. ரேடியோவில் பேஸ்பால் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான்.

"ஏ தெயனிரா, உப்பு எப்பப் போடுவ? மொதல்லயேவா, வெந்தப்புறமா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளப் பாரு. வெந்தப்புறம். மொதல்ல போட்டா காய் விறைச்சுக்கும்."

"வெங்காயத்த வினிகர்ல எவ்வளவு நேரம்…"

"யோவ், ஓட்டல் கீட்டல் தொறக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டிவிட்டான். நானும் சிரித்தேன். பாருங்கள், இந்தப் பேஷான மூளைக்கு அப்போது ஒன்றும் தட்டவில்லை.

பக்கத்து வீட்டு நெரெய்தாவிடம் சட்டையைக் காட்டினேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஊரில் யாருக்கு என்ன வியாதி என்பது அவளுக்கு அத்துப்படி.

"பொம்பளதான்," என்றாள், சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு. "வேற என்ன?"

"பொம்பளன்னா அவதானே உரிக்கணும்? இவன் ஏன்டி உரிக்கிறான்?"

"அப்ப உன்னவிடக் கெட்டிக்காரி. வேல வாங்கத் தெரிஞ்சிருக்கு."

அந்தச் சொல் நெஞ்சில் போய் நின்றது. உண்மையைச் சொல்கிறேன், இன்னொருத்தி இருக்கிறாள் என்பதுகூட அப்புறம்தான் வலித்தது. அவளுக்கு இவன் சமைத்துப் போடுகிறான் என்பதுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த நாளில்கூட வெளியே ரொட்டி வாங்கி வந்தவன். யார் அந்த மகாராணி? எப்படி இருப்பாள்? என்ன சொல்லி இவனை அடுப்பு முன்னால் நிறுத்தினாள்? அதைப் பார்க்காமல் தூக்கம் வராது போலிருந்தது. பார்த்துவிட்டு, அவன் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிடுவது என்றும் முடிவு செய்தேன். நெரெய்தா சனிக்கிழமை லீவு சொன்னாள். அவளுக்கு இதைவிட வேறு என்ன திருவிழா வேண்டும்?

சனிக்கிழமை காலை அவளுடைய ஸ்கூட்டரில், தலையில் ஆளுக்கொரு துண்டைச் சுற்றிக்கொண்டு, அவன் வண்டிக்கு நாலு வண்டி பின்னால் போனோம். கரும்புக்காட்டுப் புழுதியெல்லாம் எங்கள் முகத்தில்தான். கப்ரால் சதுக்கத்தில் மினி பஸ்கள் வரிசை போட்டு நிற்கும். அவன் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கண்டக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு ரதாமெஸ் இறங்கிக் காய்கறிக் கடைக்குப் போனான். நாங்கள் லாட்டரிக் கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றோம்.

நாலு வாழைக்காய் எடுத்தான். எடுத்தான் என்றால் சும்மா எடுக்கவில்லை. சீப்பைத் தூக்கிப் பார்த்து, காம்பை ஒடித்துப் பால் சொட்டுகிறதா என்று பார்த்து, விளிம்பு மழுங்கிய பருத்த காய்களாகப் பொறுக்கினான். "அடப்பாவி, உன்ன மாதிரியே பாக்குறான்டி," என்றாள் நெரெய்தா. சிவப்பு வெங்காயம், பாலாடைக்கட்டி, கொஞ்சம் வெண்ணெய். பையைத் தோளில் போட்டுக்கொண்டு சர்ச்சைத் தாண்டி, பாதாம் மரத்துப் பக்கம் இடது கைத் தெருவில் திரும்பினான்.

நான் நின்றுவிட்டேன்.

"என்னடி? வா, கண்ணுலேர்ந்து மறைஞ்சுடப் போறான்."

"இது எங்க அப்பன் தெரு."

"உங்கப்பன் வீட்டுலயா பொம்பளய வச்சிருக்கான்?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நெரெய்தா வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினோரு வருடம் நான் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. என் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை என் அப்பா சேவல் சண்டைக் களத்தில் இருந்தார். ஆள் அனுப்பினேன். அடுத்த சண்டையில் தன் சேவல் இறங்குகிறது, முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். முடிந்ததும் வந்தார். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அம்மாவின் கண்ணை நான் மூடியிருந்தேன். ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு ரதாமெஸிடம் சொன்னேன்: "அந்த ஆளுக்கு என் வீட்டுலேர்ந்து ஒரு வாய் சாப்பாடு போகக்கூடாது. கொண்டுபோறவங்க யாரா இருந்தாலும் அங்கயே இருந்துக்கட்டும், திரும்பி வர வேணாம்." ரதாமெஸ் தலையாட்டினான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லை.

என் வாயால் சொன்ன வார்த்தைப்படி பார்த்தால், பெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூட்டை கட்டத்தான் வேண்டும்.

நெரெய்தாவைப் பாதாம் மரத்தடியில் நிறுத்திவிட்டுக் கள்ளிவேலியைச் சுற்றிப் பின்பக்கமாகப் போனேன். சமையலறை வீட்டைவிட்டுத் தள்ளி, தனிக் கொட்டகையாக இருக்கும். பலகை ஜன்னல் பாதி திறந்திருந்தது. ஓரமாக நின்று பார்த்தேன்.

அப்பா எனக்கு முதுகு காட்டி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த முதுகா இது! சட்டை கொடியில் காய்வது போலத் தொங்கியது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. பக்கவாதம் என்று தெரிந்தது. எப்போது வந்ததோ, யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ, எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சொன்னவளும் நான்தானே.

ரதாமெஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காய் உரித்தான். இரண்டு நுனியையும் வெட்டி, விளிம்போடு கீறி, உப்புத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் தோலை நெம்பினான். நீளவாக்கில் பிளந்து பானையில் போட்டான். வெங்காயத்தை வளையமாக அரிந்து வினிகரில் போட்டு மூடினான். காய் வெந்து வருகிற நேரத்தில் உப்புப் போட்டான். விரலில் ஒட்டியிருந்த மிச்ச உப்பை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு இடுப்பில் துடைத்துக்கொண்டான். அது என்னுடைய பழக்கம். நான் அப்படிச் செய்கிறேன் என்று அவன் செய்யும்போதுதான் எனக்கே தெரிந்தது. ரேடியோவைத் திருகுகிற ஆள், இருபத்திரண்டு வருடமாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகைதான் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"போன வாட்டி களிமண்ணு மாதிரி இருந்துச்சு," என்றார் அப்பா. குரல் ஒரு பக்கமாக இழுத்தது.

"தெரியும் மாமா. இன்னைக்கு வெண்ணெய் கூடப் போடுறேன்."

"வெண்ணெய் இல்லடா. வேற என்னமோ கொறையுது. அவகிட்டக் கேட்டியா?"

"உப்பையும் வெங்காயத்தையும் கேட்டேன். அதுக்கு மேல கேட்டா மோப்பம் பிடிச்சிருவா. அவளுக்குப் பாம்புக் காது."

அப்பா சிரித்தது முதுகில் தெரிந்தது.

"தெரிஞ்சா என்ன பண்ணுவா?"

"வீட்ட விட்டுத் தொரத்திடுவா."

"சொன்னா செய்யறவ. அப்புறம் எதுக்குடா வர்ற?"

ரதாமெஸ் முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்திப் பார்த்தான். மறுபடியும் குத்திப் பார்த்தான்.

"வெந்துடுச்சு மாமா," என்றான்.

இரண்டு பழந்துணியால் பானையின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, தண்ணீரை வடிக்க ஜன்னலுக்குக் கீழே இருந்த வடிகால் பக்கம் வந்தான். அப்போது புரிந்தது எனக்கு. வடிப்பதற்கு முன் வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்துத் தனியாக வைப்பேன் நான். மசிக்க மசிக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் மங்கு மெத்தென்று வரும். இல்லாவிட்டால் எத்தனை வெண்ணெய் போட்டாலும் ஆறுவதற்குள் இறுகிப்போகும். அந்தக் கப்பை எடுக்கும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்பேன். ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தால் என் முதுகுதான் தெரியும். எல்லாவற்றையும் பார்த்தவன், இந்த ஒன்றைப் பார்க்க வழியில்லை.

சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் மூட்டையா, இல்லையா என்று நிதானமாக யோசிக்கலாம். ஆனால் பானை சாய்ந்தது, முதல் தண்ணீர் வடிகாலில் விழுந்தது. என் வாய் இருக்கிறதே!

"யோவ், கொட்டாதய்யா!"

பானை அந்தரத்தில் நின்றது. ஆவிக்கு நடுவில் ரதாமெஸின் முகம் ஜன்னலுக்கு வெகு அருகில் இருந்தது. வெள்ளையாக வெளுத்துவிட்டது. எத்தனை நாளாக நடக்கிறது, என்னிடம் ஏன் மறைத்தாய், நான் அவ்வளவு பொல்லாதவளா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான்.

"ஒரு கப்பு எடுத்து வை மொதல்ல," என்றேன். "மிச்சத்தக் கொட்டு."

எடுத்தான். கொஞ்சம் தரையில் சிந்தியது. வடித்தான். மேசையில் பானையை வைத்து வெண்ணெயைப் போட்டு முள்கரண்டியால் மசிக்கத் தொடங்கினான். கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

"என்னப் பாக்காத. பானையப் பாரு. தண்ணி விடு. ஐயோ, அவ்வளவு இல்ல! கொஞ்சமா."

"இப்படியா?" என்று பானையைச் சாய்த்துக் காட்டினான்.

"இங்கேர்ந்து என்ன தெரியும்?"

"தெரியாதுதான்," என்றான் மெதுவாக. "உள்ள வந்து பாரு."

ஆவி குறைந்துகொண்டே வந்தது. மங்கு யாருக்காகவும் காத்திருக்காது. இன்னும் ரெண்டு நிமிடம் போனால் அது மறுபடியும் களிமண்தான். ஜன்னலிலிருந்து சமையலறை வாசலுக்கு நாலே அடி. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கால் முற்றத்து மண்ணில் இருந்தது.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை. நல்ல கையை மேசை மேல் விரித்து வைத்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். பிறகு மேசைக்கு அடியில் அவருடைய இடது கால் செருப்போடு நீண்டது. எதிரே இருந்த நாற்காலியின் காலைத் தேடி, அதை வெளியே தள்ளியது. நாற்காலி மண்தரையில் ஒரு சாண் நகர்ந்து ஏதோ பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. பாதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் வைத்து, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் தள்ளினார்.