எட்டுக்குப் பின்னால் ஒரு ரெண்டு

1

இது கட்டுரையாக இருக்க வேண்டியது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஆண்டு மலர் போடுகிறார்கள். “கரி எஞ்சினோட சக்கர அமைப்பு பத்தி ரெண்டு பக்கம் குடுங்க, உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருமே” என்றார்கள். தமிழ் வரும். எஞ்சின் வராது. இருந்தாலும் மலரில் போட்டோ போடுவார்களே என்று ஒப்புக்கொண்டு இப்படித் தொடங்கினேன்:

‘நீராவி எஞ்சினின் சக்கரங்களை மூன்று எண்களால் குறிப்பது மரபு. முதல் எண், முன்னால் வழிகாட்டும் சின்னச் சக்கரங்கள். இரண்டாவது, நீராவியின் வேகத்தில் சுழன்று வண்டியை இழுக்கும் பெரிய சக்கரங்கள். மூன்றாவது, பின்னால் பாரம் தாங்கும் சின்னச் சக்கரங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆகவே 2-8-2 என்றால்—’

‘ஆகவே’ வந்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது. அப்போதுதான் காதுக்குள் ஒரு பெண்குரல் கேட்டது: “அட, பன்னெண்டு வீலுன்னு சொல்லீட்டுப் போறதுக்கு இத்தன சுத்தா?”

அதுதான் சௌந்திரம். கட்டுரையை அங்கேயே போட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டேன்.

2

சௌந்திரத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாமக்கல் புறவழிச்சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப் பழகுவதில்லை. ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாலு என்றுதான் எண்ணுவார்கள். எல்லாம் லாரிச் சக்கரக் கணக்கு. [மிகைதான். ஆனால் நாமக்கல்காரர் எவரும் இதை மறுத்து எனக்கு எழுதமாட்டார்.]

முதல் வரைவில் அவருக்குக் கணவர் இருந்தார். பாவம், மூன்று பக்கமாக ஒரு வேலையும் இல்லாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எடுத்துவிட்டேன். ‘அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன’ என்று ஒரே வரி. எழுதிவிட்டு நிமிர்ந்தால் பட்டறையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. சௌந்திரம் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைக்கிறார். வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. அந்த நாற்காலியை நான் எழுதவே இல்லை.

ஒருநாள் சரவணக்குமார் வந்தார். ஆண்டகளூர் கேட் பக்கம், நெடுஞ்சாலையோரம், ரயில் பெட்டி வடிவத்தில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தவர்.

“அக்கா, ஓட்டல் வாசல்ல ஒரு கரி எஞ்சின் நிக்கோணும். ஓட வேண்டாம். சனம் நின்னு போட்டோ எடுத்தாப் போதும்” என்று செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

சௌந்திரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு முன்னால் சின்னது ஒன்று, நடுவில் பெரியது நாலு, பின்னால் சின்னது ஒன்று.

“பன்னெண்டு வீலு. பண்ணீரலாம் சாமி.”

[ரயில்வே மொழியில் 2-8-2. என் கட்டுரை நின்ற இடம் இதுதான். தானாகவே வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்.]

கரி எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் ஒரு வண்டி உண்டு, அதற்கு டெண்டர் என்று பெயர். அதைக் கட்டுவதற்குப் பட்டறையிலேயே ஒரு பழைய பத்து வீல் லாரியின் அடிச்சட்டம், அதாவது சேஸ், சக்கரங்களோடு கிடந்தது. தகரம் உண்டு, ஆள் உண்டு, சௌந்திரத்துக்கு லாரி அல்லாத முதல் வேலை என்ற உற்சாகமும் உண்டு. கதை சுபமாக இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் சரவணக்குமாருக்கு ஒரு நியூமராலஜிக்காரர் இருந்தார்.

3

“எட்டு ஆகாதாமுங்க்கா. சனியாம். மொத்தம் பன்னெண்டுன்னா ஒண்ணும் ரெண்டும் மூணு, அதும் எனக்கு ஆகாதாம். கூட்டு அஞ்சு வரோணும், நடுவுல எட்டும் இருக்கப்படாதுங்கறாரு.”

“அப்ப என்ன பண்றது?”

“ஆறு-ஆறு-ரெண்டுன்னு போட்டுக் குடுத்திருக்காரு. பதினாலு. ஒண்ணும் நாலும் அஞ்சு.”

சௌந்திரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “லாரில லோடு கூடுனா வீல் கூட்டுவோம். நீ ராசி கூடறதுக்கு வீல் கூட்டறயா? செரி, உடு. உன்ற எஞ்சின்.”

4

‘பச்சமுத்துவின் கண்களில் நீராவிக் காலத்தின் ஏக்கம் படர்ந்—’

இல்லை. ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பட்டறைக்கு வந்த அன்று அவர் கண்களில் இருந்தது புளியோதரை சாப்பிட்ட மயக்கம்.

பச்சமுத்து ஆத்தூர்க்காரர். சேலம்–விருத்தாசலம் மீட்டர்கேஜ் பாதையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து சரக்கு எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். பிறகு டீசல், அப்புறம் மின்சாரம் என்று ஓட்டி ஓய்வு பெற்று, சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார். மகன் வெளியூர். டிவியில் பேசுகிறவர்களோடு தினமும் சண்டை போடுவதைவிட, தொப்பி போட்டுக்கொண்டு தகர எஞ்சினில் உட்கார்ந்து ஓட்டலுக்கு வருகிறவர்களுக்குக் கையசைப்பது மேல் என்று சரவணக்குமாரிடம் வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். எஞ்சினின் படியில் தன் முழங்கால் ஏறுமா என்று பார்க்கத்தான் அன்று வந்தது.

“ஏம்மா, இது என்னா?”

“எஞ்சினுங்க.”

“முன்னாடி மூணு, நடுவுல மூணு, பின்னாடி ஒண்ணு. இது எஞ்சின் இல்லம்மா, மரவட்டை.”

பட்டறையில் வெல்டிங் நின்றது. சௌந்திரம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனுங்க, அப்ப எப்படி இருக்கோணும்?”

“நான் கரி போட்டது ரெண்டு-எட்டு-ஜீரோ. முன்னாடி சின்னது ரெண்டு, பெருசு எட்டு. அவ்ளோதான். பின்னாடி ஒண்ணுங் கெடையாது.”

சரவணக்குமார் முதலில் கொடுத்த படத்தை எடுத்துக் காட்டினார் சௌந்திரம். “இதுல பின்னாடி ரெண்டு இருக்குதுங்களே?”

“அது வேற எஞ்சின்.”

“உங்க லைன்ல ஓடுனதுன்னு கீழ எழுதியிருக்குதுங்க.”

“யாரு எழுதுனா? இன்டர்நெட்டா? இன்டர்நெட்டா வந்து கரி அள்ளிப் போட்டுச்சு?”

“கோவப்படாதீங்க. டெண்டர் பத்து வீலு போட்டிருக்கறனுங்க, அதாவது செரியா?”

“அதுக்கு நூறு வீலு கூடப் போட்டுக்க. டெண்டரக் கணக்குல சேக்கவே மாட்டாங்க. ஆனா எஞ்சின் எஞ்சினா இருக்கணும். இந்தப் பொய் வண்டியில நான் ஏற மாட்டேன்.”

சௌந்திரத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டறையில் அவரிடம் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் ஜெயித்ததில்லை. தோற்கடிக்கிற ஆசைதான் வந்தது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஆண்டுக்கணக்கில் கரி அள்ளிப் போட்ட ஒருவருக்குத் தன் எஞ்சினின் சக்கரம் தெரியாமல் இருக்குமா? வாசகர் நம்புவாரா? மலர்க்குழு நம்புமா? பச்சமுத்துவை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். “உன் மூக்குத்தி எந்தப் பக்கம்?” என்று அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். “கல்யாணமாகி இத்தனை வருசத்துக்கப்புறம் கேக்கிற கேள்வியா இது?” என்று பதில் வந்தது. அன்று எனக்குக் காப்பி வரவில்லை.

பச்சமுத்து இருக்கட்டும்.

6

பழைய எஞ்சின் ஒன்றை ஒரு ரயில்வே ஆபீஸ் வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் போய் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுவீர்கள்.

சௌந்திரம் தன் பிக்கப் வண்டியில் பச்சமுத்துவை ஏற்றிக்கொண்டு அங்கே போனார். வழி முழுக்கப் பச்சமுத்து ரெண்டு-எட்டு-ஜீரோவின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். எஞ்சினைக் கண்டதும், “இதேதான், இதேதான்!” என்று பிள்ளையைப்போல் இறங்கி ஓடினார். முன்னால் ஒன்று. பெரியது நாலு. பிறகு டிரைவர் நிற்கும் தட்டுக்கு வந்தார், குனிந்தார், அப்படியே நின்றுவிட்டார்.

தட்டுக்கு அடியில், நிழலுக்குள், சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒன்று.

ஊர் திரும்பும்வரை சிரிப்பதற்கு சௌந்திரம் சிரிப்பைச் சேர்த்து வைத்திருந்தார். பச்சமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அதை மடித்து வைத்துவிட்டார்.

“என் காலுக்குக் கீழயே இருந்திருக்குது” என்றார் அவர். “ஏறுறப்ப பாக்க நேரமில்ல. எறங்குறப்ப பசி.”

“உங்களையும் நெருப்பையும் சொமந்துட்டு வந்தது அதுதானுங்க. லாரிலயும் அப்படித்தான். கடைசி ஆக்சில ஆரும் திரும்பிப் பாக்கறதில்லீங்க.”

பச்சமுத்து சக்கரத்தின்மேல் கை வைத்தார். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை. “எங்க வூட்டம்மாவும்—”

[கைவிட்ட வாக்கியங்களை அப்படியே விடுவது இந்த வகைக் கதைகளில் வழக்கம். ஆனால் இதைக் கைவிட்டது நானல்ல, அவர்.]

பட்டறைக்குத் திரும்பியதும் பச்சமுத்து அசதியில் பார்க்காமல் அந்தக் காலி நாற்காலியில் உட்காரப் போனார். வேலை செய்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சௌந்திரம் தடுக்கவில்லை. அவர் உட்காருவதற்குள் வெல்டிங் கண்ணாடியை மட்டும் இழுத்துக்கொண்டார். டீ ரெண்டு சொன்னார்.

அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்தார். ரோட்டைப் பார்த்த பக்கம் சரவணக்குமாருக்கு: மூன்று, மூன்று, ஒன்று. ஓட்டலைப் பார்த்த பக்கம், பச்சமுத்து படியேறும் பக்கம், அவருக்கு: ஒன்று, நாலு, பின்னால் மறக்காமல் ஒன்று.

“ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பாக்கறதுக்கு எவனுக்குக் கண்ணு இருக்குது?” என்றார் பட்டறை ஆட்களிடம்.

7

திறப்பு விழாவில் நியூமராலஜிக்காரர் எஞ்சினை வலம் வந்தார். கோயில் பழக்கம்; அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரோட்டுப் பக்கம் எண்ணித் தலையாட்டினார். ஓட்டல் பக்கம் வந்தவர் தலையாட்டுவதை நிறுத்தினார். விரல் விட்டு எண்ணினார்.

“முன்னால மூணும் ஒண்ணும் நாலு. நடுவுல மூணும் நாலும் ஏழு. பின்னால ரெண்டு. பதிமூணு! ஒண்ணும் மூணும் நாலு. தம்பி, இது ராகு!”

சரவணக்குமார் உடைக்கத் தூக்கிய பூசணிக்காயை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அக்கா! என்னக்கா இது? மொதல்ல இதைப் பேத்துத் தூக்கீட்டுப் போயிருங்க!”

பாதி நாமக்கல் அங்கே இருந்தது. லாரி முதலாளிகள், பாடி பட்டறைக்காரர்கள், சௌந்திரத்துக்கு இதெல்லாம் தேவையா என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள். ஒரு லாரி பழுதென்றால் பட்டறைக்குள் வைத்துச் சரி செய்துவிடலாம். இது நெடுஞ்சாலை. எஞ்சினின் நெற்றியில் பட்டறையின் பெயர் வேறு, சிவப்பு எழுத்தில். சௌந்திரம் அந்தப் பெயரை மறைத்து நிற்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

அப்போது எஞ்சினுக்குள்ளிருந்து தொப்பி ஒன்று எட்டிப் பார்த்தது.

“ஐயா, டெண்டர எண்ணுனீங்களா?”

“டெண்டரா?”

“பின்னாடி நிக்குது பாருங்க. டெண்டர் இல்லாம எஞ்சின் ஓடுமா? சேத்துத்தான் எண்ணணும். ரயில்வே ரூல்” என்றார் பச்சமுத்து, கண்ணை இமைக்காமல்.

நியூமராலஜிக்காரர் டெண்டரைச் சுற்றினார். லாரிச் சேஸ், பத்து வீல். பதிமூன்றும் பத்தும் இருபத்து மூன்று. இரண்டும் மூன்றும்—

“அஞ்சு!” என்று கத்தினார் சரவணக்குமார். பூசணிக்காய் அவர் கையிலிருந்து தானாகவே விழுந்து உடைந்தது. அதுவும் நல்ல சகுனம் என்றார்கள்.

கூட்டம் சாப்பிடப் போனதும் சௌந்திரம் படியேறி எஞ்சினுக்குள் போனார்.

“டெண்டரக் கணக்குல சேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே?”

“சேக்க மாட்டாங்க.”

“அப்பறம்?”

பச்சமுத்து தொப்பியைக் கழற்றித் துடைத்தார். “இன்னைக்கிச் சேத்தேன்.”

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். என் மனைவி சொன்ன முடிவு. காப்பி திரும்ப வந்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

(ஆ) மகனும் சொந்தக்காரர்களும் கூடி, இந்த வயதில் என்ன— வேண்டாம். அவர்களை நான் கதைக்குள் விடவில்லை. வெளியிலேயே நின்று கத்தட்டும்.

(இ) ஆண்டு மலர்க் குழு கேட்ட முடிவு: ‘இவ்வாறாக 2-8-2 எஞ்சின்கள் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு ஆற்றின.’

மூன்றும் பிடிக்கவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மத்தியானம் கிளம்பும்போது பச்சமுத்து சேலம் பஸ்ஸுக்கு நிற்கப் போனார். “வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, ஏறுங்க” என்று சௌந்திரம் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் பாலம். பாலத்துக்கு அடியில் திரும்பினால் சேலம் போகும் பாதை, பச்சமுத்துவின் வீடு. திரும்பாமல் நேரே போனால் நாமக்கல், பட்டறை, அதற்குப் பின்னால் சௌந்திரத்தின் வீடு. சௌந்திரம் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். எத்தனையோ லாரிகளுக்கு நடுவில் ஓட்டிப் பழகிய கை ஸ்டியரிங்கில் சும்மா கிடந்தது.

“ஊட்டுல பச்சப்பயறுக் கொழம்பு இருக்குதுங்க” என்றார், ரோட்டைப் பார்த்தபடி. பிறகு, “எந்தப் பக்கமுங்க போறது? நீங்களே சொல்லுங்க, நீங்கதான டிரைவருங்க.”

பச்சமுத்து பாலத்தைப் பார்த்தார். “ரயில்ல டிரைவரு திருப்ப முடியாதும்மா” என்றார் கடைசியில். “பாயிண்ட்ஸ்காரன் எந்தப் பக்கம் தண்டவாளத்தப் போடுறானோ, அந்தப் பக்கந்தான் போவணும்.”

இருவரும் காத்திருக்கிறார்கள். என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, என்னைத் தாண்டிப் பார்க்கிறார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். பாயிண்ட்ஸ்காரன் இழுத்துத் தண்டவாளத்தை மாற்றும் கம்பி உங்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

கொஞ்சம் சீக்கிரம். பின்னால் ஒரு பதினாலு வீல் லாரி ஹாரன் அடிக்கிறது.