பஞ்சு பறக்கும் அறை

இந்த முறை படுத்தால் எழுந்திருக்க மாட்டேன். எழுந்துதான் என்ன, மறுபடியும் இங்கேதானே வந்து உட்கார வேண்டும்?

நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே எரிச்சல் வந்தது பெரியவளுக்கு. தலையணை உறையின் வாயை விரித்துப் பிடித்து, ஒரு கைப் பஞ்சைத் திணித்தாள். மூச்சு விடுவதுகூட வீட்டுவேலை போல ஆகிவிட்டது, முடித்தாலும் முடியாமல்.

நாத்தனார் தன் வீட்டு முன்னறையிலேயே தலையணைப் பட்டறை வைத்திருந்தாள். தம்பி பெண்டாட்டிகள் பெரியவளும் சின்னவளும்தான் வேலைக்கு. ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும், ஃபேன் போட்டாலும் பறக்கும். அதனால் இரண்டும் கிடையாது. போன மாதம் பெரியவள் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தபோது, "பஞ்சுத் தூசியில நெஞ்சு ஏற்கெனவே புண்ணா இருக்கு. இன்னொரு தடவை காய்ச்சல் வந்தா தாங்காதும்மா" என்றிருந்தார் டாக்டர்.

இன்றைக்குச் சின்னவள் காய்ச்சலோடு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். இருமல் நின்றபாடில்லை.

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நாத்தனார் பார்த்துவிட்டாள். "அதான் அவ தம்ளரைத் தனியா வச்சாச்சே. அப்புறம் என்ன பயம்?"

"தம்ளருக்குத்தான் காய்ச்சல், எனக்கில்ல அண்ணி" என்று நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள் சின்னவள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கதவிடுக்கு வழியாக வெயில் கோடாக விழுந்திருந்தது. அதில் சும்மா மிதந்துகொண்டிருந்த பஞ்சுத் தூள், அந்த இருமலில் கும்பலாக எழுந்தது. அவசரமே இல்லாமல் அறையைக் கடந்து பெரியவளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கீழே இறங்கவேயில்லை.

பெரியவளின் கை ஓய்ந்தது. தம்ளரைப் பிரித்தோம், மூச்சை? இவள் விட்டதைத்தானே காலையிலிருந்து நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற பஞ்சே இவ்வளவு தூரம் வருகிறதென்றால், தெரியாதது?

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். காற்று புகுந்ததும் பஞ்சு குபீரென்று கிளம்பியது.

"அடிப்பாவி! பாதிப் பஞ்சு தெருவுக்குப் போகுதுடி!"

"அவ இருமுறதெல்லாம் என் மூஞ்சிக்குத்தான் வருது அண்ணி."

"மகாராணிக்குக் காத்து வேணுமாக்கும். மூடிட்டு வந்து உக்காரு."

சின்னவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"பறக்கட்டும் அண்ணி" என்றாள் பெரியவள். குரலை உயர்த்தத் தெம்பில்லை. உறையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஜன்னலடியிலேயே உட்கார்ந்து திணிக்கத் தொடங்கினாள்.