புல் எப்படி இருந்தது

நிக்காந்தர் அந்தியோகியாவிலிருந்து கழுதையில் வந்திறங்கிய அன்றே, காலமாகிவிட்ட என் வீட்டுக்காரர் யோவேசரின் பெயரை வந்தவரின் எழுத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவுகட்டிவிட்டேன். போதகரை நேரில் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டு, கூடுகைகளில் வாசிக்க ஒரு சுருள் எழுதப்போகிறார் என்று பெல்லா ஊர் முழுக்கப் பேச்சு. யுத்தத்துக்குப் பயந்து யோர்தான் ஆற்றைத் தாண்டி வந்து ஒண்டியிருக்கிற எங்கள் கலிலேயக் கூட்டத்தில், போதகர் ஐந்தே ரொட்டியை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிட்டுக்கொடுத்த அந்த மலைச்சரிவில் உட்கார்ந்து தின்றவர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தி நான். இன்னொருத்தி யோவேசரின் தங்கை சிப்பிராள். அவளும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

நிக்காந்தர் முன்னால் உட்கார்ந்ததும் எங்கள் கலிலேய ஏரி என் வாயில் வந்துவிட்டது. கரையில் காயும் வலைகளின் வாடை, விடியலில் படகுகள் திரும்பும்போது பெண்கள் போடும் கூச்சல், பாதத்தில் குத்தும் சிப்பிகள். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ரொட்டியின் கதையைச் சொன்னேன். யோவேசர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மிச்சத் துண்டுகளைச் சேர்க்க முதல் கூடையைக் கொடுத்ததே அவர்தான் என்றேன். நிக்காந்தர் எல்லாவற்றையும் மெழுகுப் பலகையில் கீறிக்கொண்டார்.

"இன்னொரு வாயும் இதையே சொல்லணும்மா. ரெண்டு வாய் ஒத்துப்போனாத்தான் மெழுகுலேருந்து சுருளுக்குப் போகும். இல்லேன்னா தேய்ச்சுருவேன்."

நியாயஸ்தலத்தில் பெண்பிள்ளை சாட்சி செல்லாதே என்று குத்தலாகக் கேட்டேன். ஆண்கள் எல்லாரும் செத்துவைத்தால் நான் என்ன செய்ய என்றார்.

ஆக, சிப்பிராளிடம் போய்த்தான் ஆகவேண்டும். யோவேசரை அடக்கம் செய்த அன்று, போதகர் கை ரொட்டியை வாங்கித் தின்றவரே என்று நான் ஒப்பாரி வைத்தபோது, "செத்தவன் மேல பொய்யப் போத்தாத அண்ணி" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனவள் அவள். ரோஷத்தை மடித்துவைத்துவிட்டு, ஒரு இலையில் உப்புமீன் சுற்றிக்கொண்டு போனேன். பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இன்னொரு வாய் வேண்டுமாம் என்று நான்தான் பேசினேன். மீனை மட்டும் எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை வந்தாள். என்னைப் பார்க்காமல் நிக்காந்தரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் பலகையை வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். யோவேசரின் பெயர் வந்ததும் தலை நின்றுவிட்டது.

"எங்கண்ணன் அங்க இல்ல. அன்னிக்கு வலை கொள்ளாத மீனு. வெயில் ஏறுனா நாறிப்போயிரும். போதகரோட படகு அந்தப் பக்கம் போகுதுன்னு ஊரே கரையோரமா ஓடுச்சு. நீங்கள்லாம் போங்க, நான் உப்பு போட்டு வைக்கிறேன்னு அவன் நின்னுட்டான். அவன் நின்னதாலதான் நாங்க போனோம். இதச் சொல்ல அண்ணிக்கு என்ன வெக்கம்?"

வெட்கம் இல்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நடந்ததை அப்படியே சொன்னேன். ரொட்டி தின்ற அந்த நாள் சாயங்காலம், யோவேசருக்காக ஒரு துண்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். உப்பில் வெடித்த விரல்களால் வாங்கித் தின்றார். அற்புதத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே உட்கார்ந்தீர்கள் என்றார். புல்லில் என்றேன். புல் எப்படி இருந்தது என்றார். பச்சையாக இருந்தது என்றேன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், வசந்தத்தில் பஸ்கா பண்டிகை நெருங்கும்போதெல்லாம் அதே கேள்வி, அதே பதில். வேறொருவராக இருந்தால் சலித்திருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

கடைசிக் காய்ச்சலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம அந்தப் புல்லுல உக்காந்திருந்தமே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வார்த்தையை அவர் போனபிறகும் காப்பாற்ற நினைத்தேன், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிமுடித்தபோது சிப்பிராள் முதன்முறையாக என் பக்கம் திரும்பினாள். "இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள். நீ எங்கே கேட்டாய் என்றேன். இருவரும் அழுதோம்.

நிக்காந்தர் பலகையைத் திருப்பி, எழுத்தாணியின் தட்டையான முனையால் யோவேசரைத் தேய்த்தார். கண்ணால் பார்த்தவர்களைத்தான் எழுத முடியும் என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, போன இலையுதிர் காலத்தில் அந்தச் சரிவைப் பார்த்ததாகவும், வெறும் மண்ணும் முள்ளுமாகக் கிடந்ததாகவும், புல் என்று எழுதுவது சரிதானா என்றும் கேட்டார்.

"பச்சைப் புல்லு" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பஸ்காவுக்கு முந்தின நாட்கள் அவை, இன்னும் சில வாரம் போனால் எல்லாம் காய்ந்து மஞ்சளாகியிருக்கும் என்று சிப்பிராள் விளக்கினாள். அவர் கீறிக்கொண்டார்.

அடுத்த வருஷம் சுருள் வந்தது. வாரத்தின் முதல் நாள் கூடுகையில் வாசித்தார்கள். அதில் நான் இல்லை, சிப்பிராள் இல்லை, யோவேசரும் இல்லை. ஜனங்கள் உட்கார்ந்தது பசும்புல்லில் என்று மட்டும் இருந்தது. பக்கத்திலிருந்த சிப்பிராள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

வாசித்தவர் நிறுத்தி, சுருளில் இடம் இவ்வளவு அருமையாக இருக்கும்போது புல்லின் நிறத்தை எழுதுவானேன் என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றாள் சிப்பிராள்.