பார்க்காத முதல் நடை

கப்பலில் இயந்திர அறை வேலை பார்த்தவன் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக இழுபட்டு ஒருவழியாக வீடு திரும்பியபோது, மகளுக்கு நடக்கத் தெரிந்திருந்தது, ஓடத் தெரிந்திருந்தது, அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் தெரிந்திருந்தது. அவன் புறப்பட்டபோது அவளுக்குக் குப்புற விழக்கூடத் தெரியாது. இப்போது வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

நடுக்கடலில் இணையம் நூலிழை போலத்தான் வரும். ஒரு புகைப்படம் நெற்றிவரை வந்து நின்றுவிடும். அதனால் மனைவி ஃபோனில் சொல்லியிருந்தாள்: "எல்லாத்தையும் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். வாங்க, ஒண்ணா உக்காந்து பாக்கலாம்." ஃபோன் நிரம்ப நிரம்ப, உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாற்றிவிட்டு ஃபோனைக் காலி செய்துகொண்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நாட்களைத் தள்ளினான். முதலில் குப்புற விழுவது, பிறகு தவழ்வது, கடைசியில் நடப்பது என்று பார்க்கும் வரிசையைக்கூட முடிவு செய்து வைத்திருந்தான்.

வந்த அன்றே டிவியைத் தானே துடைத்தான்.

"இன்னிக்குக் களைப்பா இருப்பீங்க. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் மனைவி.

மறுநாள் விருந்தாளிகள். அதற்கு மறுநாள் வயரைக் காணோம். அவன் கடைக்குப் போய்ப் புது வயரே வாங்கி வந்துவிட்டான். இனி சொல்ல எதுவும் இல்லாமல், அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"விழுந்துடுச்சுங்க. வாலு வயரைப் புடிச்சு இழுத்துட்டா. அப்போலேருந்து தொறக்கவே மாட்டேங்குது."

"ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அதை நெனச்சுத்தான் நாளை ஓட்டுறேன்னு நீங்க சொல்றீங்க. நான் எந்த வாயால சொல்றது?"

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. குற்றவாளி மேஜைக்கடியில் உட்கார்ந்து அவனுடைய செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினியில் சொருகிப் பார்த்தான். டக், டக் என்று அடித்துக்கொண்டதே தவிர எதுவும் வரவில்லை. படிக்க முடியவில்லை என்றது கணினி. எடுத்துவிட்டு மறுபடி மறுபடி சொருகினான். மறுபடியும் அதேதான்.

கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தருபவரின் கடை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடைக்காரர் டிஸ்க்கைச் சொருகி, காதோரம் வைத்துக் கேட்டு, உடனே பிடுங்கினார்.

"எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க?"

"ஒரு நாலஞ்சு தடவை."

"அதோட விட்டீங்களே, புண்ணியமாப் போச்சு. உள்ள கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுத்துது. அதுல படாம ஒரு முனை மிதந்துக்கிட்டே படிக்கணும். விழுந்ததுல முனை கெட்டுப்போச்சு. நீங்க கரென்ட் குடுக்கக் குடுக்க அது தட்டைக் கீறும்."

"மாத்த முடியாதா?"

"இதே மாதிரி டிஸ்க் இன்னொண்ணு கெடைச்சா, அதோட முனையைக் கழட்டி இதுல வெக்கலாம். கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்குள்ள வந்தது லாபம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். எது முதல்ல வேணும்?"

அவன் யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள்: "நடந்தது."

அதே ரக டிஸ்க் கிடைக்க வாரக்கணக்கில் ஆனது. அவன் விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. ஒரு மாலை மனைவி திடீரென்று தரையில் குப்புறப் படுத்தாள்.

"பாருங்க, இப்படித்தான் தவழ்ந்தா. முன்னாடி இல்ல, பின்னாடி. பொம்மை முன்னால இருக்கும், இவ பின்னால போய்க்கிட்டே அழுவா."

அவள் முழங்கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்து சோபாவில் இடித்துக்கொண்டாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாலு வந்து அம்மாவின் பக்கத்தில் படுத்து, தானும் பின்னால் நகர்ந்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு என்னவோ போலாகி, முகம் கழுவ எழுந்து போனான்.

ஒரு காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். வாலுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

"கொஞ்சம்தான் வந்திருக்கு. அதுலயும் படம் பெரும்பாலும் போச்சு. சத்தம் மட்டும் தப்பிச்சிருக்கு" என்றார். போட்டுவிட்டு, டீ குடிக்கப் போவதாகக் கீழே இறங்கிவிட்டார்.

திரையில் சாம்பல் நிறப் பட்டைகள். நடுவே ஒரு குட்டிப் பாதம் தெரிந்து மறைந்தது. பிறகு மனைவியின் குரல்: "வா... வா... அப்பாவுக்குக் காட்டு... ஐயோ, வந்துட்டா! நடந்து வந்துட்டா!" சிரிப்பு. தொப்பென்று விழும் சத்தம். குழந்தையின் கிளுகிளுப்பு.

பதிவை நிறுத்தாமலே ஃபோனை எங்கோ வைத்திருக்கிறாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. முடிந்துவிட்டதென்று அவன் நினைத்தபோது, அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"எங்கடா இருக்க நீ? பாக்காம போயிட்டியேடா."

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' தவிர வேறெதுவும் அவள் வாயில் அவன் கேட்டதில்லை. அவள் பதறி நிறுத்தக் கை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கடைக்காரர் படியேறும் சத்தம் கேட்கும்வரை விடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான்: "நான் இல்லாதப்ப அப்படித்தான் கூப்பிடுவியா?"

"ஆளே இல்லாத வீட்டுல யாருக்கு மரியாதை?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

குறுகிய ஒப்பந்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் கப்பலேறினான். கிளம்பிய அன்று வாலு அவன் காலைக் கட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்று அழுதாள். போன தடவை அந்தக் கஷ்டம் இருக்கவில்லை.

துறைமுகமொன்றை நெருங்கும்போது ஃபோன் வேலை செய்தது.

"வாலு இப்போ ஒத்தைக் கால்ல குதிக்கிறா" என்றாள் மனைவி.

"எடுத்து வெச்சியா?"

"இல்ல. இனிமே எடுக்கப் போறதில்ல. நீங்க வந்து பாருங்க."

எந்தக் காலில் குதிக்கிறாள் என்றாவது கேட்கலாமென்று வாயெடுத்தான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அன்று இயந்திர அறையின் இரைச்சலுக்குள், வலது காலாக இருக்குமா, இடதாக இருக்குமா என்று வேலை முடியும்வரை நினைத்துக்கொண்டே இருந்தான்.